முந்திச் சொன்ன பதில்

ருவான்வெல்லைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கேகாலையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் சுதர்ஷினி. கெட்டிக்காரி. ஆனால் பணிவை மட்டும் அந்தப் பிள்ளைக்கு அளவுக்கு மிஞ்சி ஊட்டி வளர்த்துவிட்டோம். கூப்பிட்டவர் பேசி முடிக்குமுன்னே "சரிங்க" என்பாள். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். துரை சொன்னது விளங்கியதா, செய்ய முடியுமா என்பதெல்லாம் பிறகு.

தோட்டங்களில் அவசரத்துக்கு வண்டி கூப்பிட அவர்கள் ஓர் ஆப் செய்தார்கள். போனிலிருந்து வரும் வேண்டுகோளை ஒரு சேவை வாங்கும். ட்ரைவருக்குச் சொல்வது இன்னொரு சேவை. இரண்டுக்கும் நடுவில், செய்திகளை வரிசையில் வைத்துக் கொடுக்கும் மெசேஜ் கியூ. அதற்காக எடுத்த லைப்ரரி, அதாவது முன்பே எழுதிவைத்த நிரல், நல்ல குணமுள்ளது. வாங்கிய சேவை "முடித்துவிட்டேன்" என்று சொல்லும்வரை செய்தியைக் கைவிடாது. நடுவில் அந்தச் சேவை நின்றுபோனால், எழுந்ததும் மறுபடி கொடுக்கும். அந்தச் சொல்லை எப்போது சொல்வது என்பது மட்டும் எழுதுகிறவர் பொறுப்பு.

செய்தி கைக்கு வந்தவுடனேயே "முடித்துவிட்டேன்" என்று சொல்லும்படி சுதர்ஷினி எழுதினாள். அதே நொடியில் கூப்பிட்டவர் போனிலும் "வண்டி வருகிறது" என்று விழும்.

கூட வேலை செய்த ஹில்மி அதைப் பார்த்தான். "ட்ரைவருக்குச் சொல்ல முந்தியே ஏன் முடிஞ்செண்டு போடுற?"

"பதில் சொல்லாம ஆளக் காக்க வைக்கிறது மரியாதையா?" என்றாள்.

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். சிரிக்காமல் சண்டை பிடித்திருக்கலாம், பாவி.

ஒரு காலையில் றப்பர் பால் வெட்டப் போன சுப்பம்மாவை, சுதர்ஷினியின் சித்தியை, விரியன் பாம்பு கடித்தது. சித்தப்பா மூக்கையா ஆப்பை அமுக்கினார். செய்தி வந்தது, பதிலும் போனது. அந்த நேரம் பார்த்து கேகாலையில் கரண்ட் போய், ட்ரைவருக்குச் சொல்லவேண்டிய சேவை நின்றது. முடிந்ததென்று முந்தியே சொல்லிவிட்டதால், அது திரும்ப எழுந்தபோது கியூவில் ஒன்றுமில்லை. ட்ரைவரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நெடுநேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சுதர்ஷினி திருத்தினாள். இப்போது ட்ரைவர் ஏற்ற பிறகுதான் பதில் போகும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நினைக்க நினைக்க எனக்கே ஆறவில்லை, அவளுக்கு எப்படி இருக்கும்!

லயத்துக்குப் போய் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "என் தப்புதான் சித்தி. நாந்தான் அப்படி எழுதுனேன்."

"கரண்டு போனதுக்கு நீ என்ன புள்ள செய்வ?" சுப்பம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரோட்டுல நஸீம் அண்ணன் த்ரீவீல் நின்னுச்சு. ஒங்க சித்தப்பா என்னைய அதுலதான் தூக்கி வைக்கப் போனாரு. நாந்தான் வேணாம்னேன். நம்ம புள்ள செஞ்சது, வருதுன்னு சொன்னா வரும்னேன்."