செலவுத் தொகையுடன் தள்ளுபடி

அண்ணன்மேல் நான் போட்ட கேஸை நானே வாபஸ் வாங்கினேன். வாங்கிவிட்டால் கேஸே நடக்காத மாதிரி ஆகிவிடும், அவரவர் வீட்டுக்கு அவரவர் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொல்வேன்.

சேவுகம்பட்டிப் பக்கம் அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பும் கொஞ்சம் மல்லிகைத் தோட்டமும் உண்டு. அப்பா போனபின் அதில் என் பங்கைக் கேட்டேன். கட்டிக் கொடுத்த வீட்டில் உனக்கு என்ன குறை என்று அண்ணன் திருப்பிக் கேட்டார். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். மறுமாதமே திண்டுக்கல் கோர்ட்டில் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டுவிட்டேன். ஐந்து வருஷம் இழுத்தது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேர் வந்தால்கூட ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

அப்புறம் என் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. எங்களில் தாய்மாமன் மாலை போடாமல் ஒரு பெண் மணமேடை ஏறுவதில்லை. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்ததும் கேட்டது தாய்மாமனைத்தான். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். மகள் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. மாமா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட போட்டோவை மட்டும் பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்து ஹாலில் வைத்தாள். அதைப் பார்த்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் மூலம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். கேஸை எடுத்துவிட்டால் வருவேன் என்று பதில் வந்தது.

என் வக்கீலம்மா வெறுமனே வாபஸ் வாங்காதீர்கள் என்றார். வழக்கைப் போட்டவரே பாதியில் எடுத்துக்கொண்டால், இத்தனை நாள் அலைந்த எதிராளி தன் வழக்குச் செலவைக் கேட்கலாம், கோர்ட்டும் அதை நம் தலையில் கட்டலாம், திரும்ப இதே வழக்கைப் போடவும் முடியாது என்று விளக்கினார். சமாதானமாகிவிட்டோம், அவரவர் செலவு அவரவருக்கு என்று ஒரு மெமோ எழுதி அண்ணனிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். நான் வாங்கவில்லை. கூடப் பிறந்தவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா? அவரைக் கூண்டில் ஏற்றிப் பார்த்தவளுக்கு அன்றைக்குப் பார்த்து வெட்கம் வந்தது. அவர் வாய்வார்த்தையே போதும் என்றேன்.

கோர்ட்டில் எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். வாபஸ் மனுவைக் கொடுத்ததும் அண்ணனுடைய வக்கீல் எழுந்து செலவுத் தொகை வேண்டும் என்றார். நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வக்கீலம்மா மறுத்துப் பேசப் போனார், நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். மறுத்தால் அண்ணன் கல்யாணத்துக்கு வராமல் போய்விடுவாரோ என்று பயம். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி என்னையே கேட்டார். இல்லைங்க ஐயா என்றேன். வழக்கு வாபஸ் பெறப்பட்டதால் செலவுத் தொகையுடன் தள்ளுபடி என்று உத்தரவானது.

தொகை பெரிதில்லை, மறுவாரமே கட்டிவிட்டேன். பங்கு போனதுகூடப் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஃபேனைப் பார்த்த முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மகளிடம் மாமா வருவார் என்று மட்டும் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

பத்திரிகை வைக்க நானும் கணவரும் தாம்பூலத் தட்டோடு போனோம். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறினேன். அண்ணன் வாசலுக்கே வந்து, வா தாயி என்று கூப்பிட்டார். அண்ணி சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உலை வைக்கப் போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டை நீட்டினேன்.

"எனக்கு இப்ப மனசுல ஒண்ணும் இல்லத்தா" என்றார் அண்ணன். "கோர்ட்டே சொல்லிருச்சுல்ல, தப்பு ஒம் பேர்லதான்னு. அதுக்குத்தான செலவக் கட்டச் சொன்னாக."

கோர்ட் அப்படிச் சொல்லவே இல்லை. எனக்குப் பங்கு கிடையாது என்று எந்த நீதிபதியும் எழுதவில்லை. வழக்கை முழுசாக விசாரிக்கக்கூட இல்லை. எடுத்துக்கொண்டவள் நான், அதனால் செலவு என் பேரில் வந்தது, அவ்வளவுதான். இதெல்லாம் தொண்டை வரை வந்தது. பக்கத்தில் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் சிரித்த முகத்தோடுதான் இருந்தார், ஆனால் கை நீட்டவில்லை. தட்டு என் கையிலேயே இருந்தது.

"ஆமாண்ணே" என்றேன். "தப்பு எம் பேர்லதான்."

அண்ணன் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.