செராஸுக்குப் போன ஆம்புலன்ஸும் ஆரோக்கியநாதனும்

செய்தி வந்தபோது நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் இரத்த அழுத்த மாத்திரைக்காகக் காத்திருந்தேன். அழைத்தவர் பிலோமினா. "ஐயா, அவரு போயிட்டாரு" என்றார். எவர் என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா தன் கணவரைத் தவிர வேறு யாரை 'அவரு' என்று சொல்வார்? "உங்க நாதன்தான் ஐயா" என்றார்.

திரு. ஆரோக்கியநாதன் அவர்களைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஷா ஆலத்தில், வணிக நிறுவனங்களுக்கு இணையவழித் தொலைபேசிக் கருவிகளும் அவற்றுக்கான மென்பொருளும் செய்யும் சிறிய கம்பெனி எங்களுடையது. அவர் அங்கே தலைமைப் பொறியாளர். கருவிகளை வாடிக்கையாளர் இடத்தில் பொருத்தி ஓடவைப்பது அவர் பொறுப்பு. நான் ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் கையேடுகள் எழுத அங்கே சேர்ந்தவன்.

என் முதல் கையேட்டைப் படித்துவிட்டு அவர் என் மேசைக்கே வந்தார். "ஐயா, நல்ல தமிழ். ஆனா போன் எடுக்க இவ்ளோ படிக்கணும்னா, கூப்பிட்டவன் நேர்லயே வந்துருவான் லா" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைக் கவனித்தவர், மதியம் என்னைச் சாப்பிட அழைத்துப் போய், எங்கள் கருவி என்ன செய்கிறது என்பதை வாழையிலையில் அப்பளத்தை நொறுக்கிக் காட்டி விளக்கினார். குரலைப் பொடியாக நொறுக்குகிறோம், இணையத்தில் அனுப்புகிறோம், அந்தப் பக்கம் ஒட்டுகிறோம். "நொறுக்குறது எவனும் செய்வான். ஒட்டுறதுதான் நம்ம வேலை." கையேட்டை நான் திருத்தி எழுதினேன். அவர் சொன்னதுபோல் எளிதாக வந்ததா என்பது இன்றும் ஐயம்தான்.

அந்த நாட்களில் அவர் சிரித்துக்கொண்டே இருப்பவர். கம்பெனியின் முதலாளியான தவுக்கே, பெரிய வாடிக்கையாளர் என்றால் அவரைத்தான் அனுப்புவார். செராஸில் தலைமை அலுவலகமும் அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் கிள்ளானில் கிடங்கும் வைத்திருந்த ஒரு சரக்கு நிறுவனத்துக்கும் அப்படித்தான் போனார். கிளைகளுக்குத் தனித் தொலைபேசி இணைப்பே தேவையில்லை, எங்கே இருந்து பேசினாலும் அழைப்பு தலைமை அலுவலகத்தின் வழியாக வெளியே போகும் என்பதுதான் நாங்கள் பெருமையாகச் சொல்லி விற்ற வசதி. என் கையேட்டிலும் அது முதல் பக்கத்தில் இருந்தது.

ஒரு நாள் கிள்ளான் கிடங்கில் குணசேகரன் என்ற கிடங்குக் காப்பாளர் பக்கவாதத்தில் சாய்ந்துவிட்டார். அங்கிருந்த குமாஸ்தாப் பெண் மேசைத் தொலைபேசியில் அவசர எண்ணை அழைத்து, கம்பெனி பெயரைச் சொல்லி, சீக்கிரம் வாருங்கள் என்று கத்திவிட்டு அவரிடம் ஓடியிருக்கிறார். அழைப்பு செராஸ் வழியாக வெளியே போனது. அதை எடுத்த அவசரச் சேவையினருக்குச் செராஸ் முகவரிதான் தெரிந்தது. ஆம்புலன்ஸ் செராஸுக்குப் போய் நின்றது.

யாரோ கைப்பேசியில் மறுபடி அழைத்து வரவழைத்த இரண்டாவது ஆம்புலன்ஸ் கிள்ளானுக்கு வந்து சேர வெகுநேரமாயிற்று. குணசேகரன் பிழைத்தார். ஆனால் வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. சாலையில் ஜாம், வாகன நெரிசல், அதனால்தான் தாமதம் என்றே குடும்பத்தார் நினைத்தார்கள். ஒரு வாரம் கழித்து, வேறொரு பழுதுக்காகச் செராஸுக்குப் போன ஆரோக்கியநாதனிடம் வரவேற்பறைப் பெண் அதை வேடிக்கைக் கதைபோலச் சொன்னாராம்: எங்கள் யாருக்கும் ஒன்றுமில்லை அங்கிள், ஆனால் அன்றைக்கு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அவர் ஷா ஆலத்துக்குத் திரும்பியதும் நேராக என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. நாங்கள் சொன்னபடியே அது வேலை செய்திருந்தது. இடம் முக்கியமில்லை என்று சொல்லி விற்றவர்களால் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

தவுக்கே கூட்டம் போட்டார். முதலில் எல்லா இடத்திலும் சரிசெய்யுங்கள், வெளியே பேச வேண்டாம் என்றார். அந்தப் பெண் இடத்தைச் சொல்லியிருக்கலாம், எடுத்தவர் கேட்டிருக்கலாம், நம்மை மட்டும் ஏன் குறை சொல்லிக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டார். முழுவதும் தவறான பேச்சு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆரோக்கியநாதன் தூரத்து ஜெஞ்சாரோம் வரை வாடிக்கையாளர்களின் ஒவ்வொரு கிளைக்கும் தானே போய், அந்தந்த ஊரில் புதிதாக ஓர் இணைப்பு வாங்கி, அவசர அழைப்பு மட்டும் அதிலேயே வெளியேறும்படி மாற்றினார். கிளம்புமுன், இருக்கிற ஊழியர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசி முன் நிறுத்தி, இருக்கும் இடத்தை உரக்கச் சொல்ல வைப்பார். சிலர் சிரித்தார்கள். "சிரிங்க, சிரிச்சுட்டு இன்னொரு தரம் சொல்லுங்க" என்பார்.

எல்லாம் முடிந்த பிறகும் அவருக்கு நிம்மதி வரவில்லை. அந்தக் குடும்பத்துக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதே அவர் நினைப்பாக இருந்தது. தவுக்கே மறுத்தார். ஒரு ஞாயிறு, மாதா கோவில் பூசை முடிந்ததும் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். "நீங்க பக்கத்துல இருந்தா வளவளன்னு பேச மாட்டேன், ஐயா."

குணசேகரன் வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சரஸ்வதி எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். ஆரோக்கியநாதன் எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை என்பதை அந்த அம்மாதான் எங்களுக்குச் சொன்னார். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இப்ப எதுக்கு அண்ணே இதச் சொன்னீங்க? ஜாமுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஜாம யாரும் திட்ட முடியாது. இனிமே நான் தினம் உங்களத் திட்டணும்."

ஆரோக்கியநாதன் எழுந்து நின்றார். "டீ ஆறுது, குடிச்சுட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா. "அப்புறம் வராதீங்க."

கார் கிள்ளானைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினார். பிறகு, "ஐயா, நான் அவங்களுக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா?" என்றார். தெரியவில்லை என்றேன். இந்தக் கேள்வியை அவர் பின்னர் பலமுறை கேட்டார். நான் வேறு பதில் சொன்னதில்லை.

அந்தக் குடும்பம் வழக்குப் போடவில்லை. தவுக்கே அதை அதிர்ஷ்டம் என்றார். ஆரோக்கியநாதனுக்கு அது தண்டனையாகவே இருந்தது. அதன்பின் அவரை வாடிக்கையாளரிடம் அனுப்பவில்லை. தொழிற்சாலையின் பின்கட்டில் கருவிகளைச் சோதிக்கும் வேலை கொடுத்தார்கள். அவர் முறையிடவில்லை. வேடிக்கைப் பேச்சு குறைந்துவிட்டது. அங்கே சேர்ந்த புதியவர்கள், அவரை எப்போதுமே அமைதியானவர் என்று நினைத்திருப்பார்கள். அந்த நினைப்பைத் திருத்தவும் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு நாள் காலையில், பூசைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிலோமினா அழைத்ததும் ஆம்புலன்ஸ் வந்துவிட்டதாம். கதவைத் திறந்து வைப்பதற்குள் வாசலில் நின்றது என்று அவர் சொன்னார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. அடக்கத்தன்று தவுக்கே கோவிலின் கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

கிள்ளானுக்குச் சொல்லலாமா என்ற குழப்பம் எனக்கு இருந்தது. வராதீர்கள் என்று சொன்ன வீடு. செத்த பிறகும் அவர் பெயரைக் கொண்டுபோய்க் காயத்தைக் கிளறுவது நியாயமா? அடக்கத்துக்கு மறுநாள் ரயிலேறினேன். அந்த வீட்டைக் கடந்து தெருமுனைவரை போய், பிறகு திரும்பி வந்தேன். சரஸ்வதி அம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டார். நெஞ்சுவலி என்றேன்.

"ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்துச்சா?"

ஏளனமாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். என் நினைப்பு தவறாகவும் இருக்கலாம். "வந்ததும்மா. உடனே வந்தது."

"வந்துமா போயிட்டாரு?"

அவர் கணவரின் நாற்காலியருகே போய்க் குனிந்து, சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "ஏங்க, உண்மையச் சொல்ல வந்தாரே ஒரு அண்ணன், அவரு தவறிட்டாராம். வண்டி நேரத்துக்கு வந்துமே தவறிட்டாராம்." குணசேகரன் இடக்கையை மடியிலிருந்து சற்று உயர்த்தினார். வணக்கமா, தண்ணீர் கேட்டாரா, எனக்குத் தெரியாது. அந்த அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நாதன், அந்த அம்மா தன் கணவரிடம் உங்களை என்ன சொல்லிக் குறிப்பிட்டார் என்பதை உங்கள் காதில் போட எனக்கு வழியில்லை. அதனால்தான் இங்கே எழுதிவைத்தேன். அமைதியாக உறங்குங்கள்.