மூன்றாவது எக்ஸ்டென்ஷன்

சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பென்ஷனை விடப் பெரியது எக்ஸ்டென்ஷன் என்பார்கள். பென்ஷன் எல்லாருக்கும் வரும். அறுபது வயது முடிந்த பிறகும், "நீங்கள் இல்லாமல் ஆபீஸ் ஓடாது, இன்னும் ஆறு மாதம் இருங்கள்" என்று ஒரு தாள் வருவது கொடுத்து வைத்தவர்களுக்குத்தான். தெலுங்கு நாட்டுத் தலைநகரில், தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டோர்ஸ் ஆபீசராக இருந்த ஜெயச்சந்திரனுக்கு அந்தத் தாள் வரவில்லை. முப்பத்தோராம் தேதி சாயங்காலம் மாலை, சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவருடைய மேலதிகாரி கணேஷ்குமாருக்கோ இரண்டு எக்ஸ்டென்ஷன். வேலை தெரிந்தவனுக்கு மாலை, வேலை தெரியாதவனுக்கு நாற்காலி என்று மனைவியிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

மனைவி கனகவல்லி லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். மதுரைக்காரரான கணவரின் புலம்பலுக்கு அவளிடம் அந்த ஊர் உருது கலந்த ஒரே பதில்தான்.

"நக்கோ ஜி, நக்கோ. காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க."

ரிட்டயர் ஆன முதல் மாதம் ஜெயச்சந்திரன் சமையலறை டப்பாக்களுக்கு எண் போட்டார். இரண்டாம் மாதம், துவரம்பருப்பு எடுத்தால் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும் என்றார். மூன்றாம் மாதம் கனகவல்லி அண்ணன் வீட்டுக்குக் கிளம்பப் பெட்டி கட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் சைனிக்புரியில் டேனியல் இறந்துபோனார். ஒரே ஆபீசில் முப்பது வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட சினேகிதர். மனைவி முன்பே போய்விட்டாள். மகன் நிகில் டொரண்டோவில், மகள் சபீனா மெல்பர்னில். உயில் கிடையாது. இரண்டு பேருக்குமே விசா பாதி வழியில் நின்றது. வெளியே கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ. "நீங்களே பாத்துக்குங்க அங்கிள்" என்று இருவரும் எழுதிக் கொடுக்க, கோர்ட் ஜெயச்சந்திரனை டேனியலின் சொத்துக்கு நிர்வாகியாக நியமித்தது. வீட்டில் உள்ள பொருளுக்குப் பட்டியல் போட்டு, வரி, பத்திரம் எல்லாம் நேர்செய்து, வாரிசுகள் கைகாட்டும் ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். கெடு ஆறு மாதம்.

போன உயிர் திரும்பி வந்தது. காலை ஒன்பது மணிக்கு ஷூ பாலிஷ் போட்டு, டிபன் பாக்ஸோடு ஸ்கூட்டரில் சைனிக்புரி. டேனியலின் சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். வருகைப் பதிவேடு ஒன்று வாங்கி, அதில் தினமும் தானே கையெழுத்துப் போட்டார். பத்து நிமிடம் தாமதமானால் தன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் தானே குறித்துக்கொண்டார். கனகவல்லி பெட்டியை அவிழ்த்துப் புடவைகளை அலமாரியில் அடுக்கினாள்.

வீட்டு வரியில் பெயர் மாற்றத் தாமதமானதால் முதல் எக்ஸ்டென்ஷன் கிடைத்தது. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்யத் தாமதமானதால் இரண்டாவது. அன்றைக்கு ஜெயச்சந்திரன் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நேரே கணேஷ்குமார் வீட்டுக்குப் போனார்.

"எனக்கும் ரெண்டு ஆச்சு சார்."

கணேஷ்குமார் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "கோர்ட்டு குடுக்கறதெல்லாம் ஒரு எக்ஸ்டென்ஷனாய்யா?"

அந்த நிமிடமே மூன்றாவதை வாங்கிக் காட்டுவது என்று ஜெயச்சந்திரன் முடிவு கட்டிவிட்டார்.

ஆனால் மூன்றாவதற்குக் காரணம் வேண்டுமே. மனிதர் வேலையைத் தேவைக்கு மேல் ஒழுங்காகச் செய்து தொலைத்திருந்தார். வரி சரி, பத்திரம் சரி, மாடி காலி. வீட்டை லோத்குண்டாவில் இருக்கும் சபீனாவின் கொழுந்தனாரிடம் ஒப்படைக்கலாம் என்று வாரிசுகள் இருவரும் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பியும் விட்டார்கள். மிச்சம் இருந்தது படுக்கையறையில் ஒரு இரும்பு பீரோ மட்டும். பட்டியலில் அவரே எழுதியிருந்தார்: "பீரோ ஒன்று, பூட்டியது."

எழுதியது பொய்யில்லை. பீரோ பூட்டித்தான் இருந்தது. அதன் சாவி ஜெயச்சந்திரனின் சட்டைப் பையில் இருந்தது என்பதுதான் விஷயம். வேலைக்கு வந்த இரண்டாம் வாரமே டேனியலின் கறுப்பு ஷூவுக்குள் கிடைத்தது. மறுநாள் திறக்கலாம் என்று பையில் போட்டார். மறுநாள் ஸ்டோர்ஸ்காரர்களின் பழைய பாடம் ஞாபகம் வந்தது: பதிவேட்டில் ஒரு ஐட்டத்தையாவது திறந்தே வை, எல்லாவற்றையும் முடித்தால் உன்னையும் முடித்துவிடுவார்கள்.

இந்தக் கேஸைப் பார்த்த வக்கீல் ப்ரியாவுக்குச் சாவி விஷயம் தெரியாது. "சாவி போடறவன் ஒருத்தனைக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷ வேலை அங்கிள்" என்றாள்.

"வாரிசுங்க எதிர்ல இல்லாமத் திறக்கக் கூடாதும்மா. ப்ரொசீஜர்."

அப்படி ஒரு ப்ரொசீஜர் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் ஜெயச்சந்திரன் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். வாரிசுகள் வெளிநாட்டில், பீரோ திறக்கப்படவில்லை, இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்று ப்ரியா மனுப் போட்டாள். செவ்வாய்க்கிழமை விசாரணை.

ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை தட்டில் விழுந்த நேரம், சபீனா வீடியோ காலில் வந்தாள்.

"அங்கிள், ஒரு ஹெல்ப். பாப்பாக்கு அடுத்த மாசம் ஞானஸ்நானம். நானும் நிகிலும் போட்ட கவுன் அந்த பீரோலதான் இருக்கு. மம்மி கையால தைச்சது. ப்ளீஸ், எப்படியாவது திறந்து பாருங்களேன்?"

"நீங்க யாராவது நேர்ல இருக்கணுமேம்மா. ப்ரொசீஜர்..."

"வர முடிஞ்சா வர மாட்டேனா அங்கிள்? டாடி அடக்கத்தயே போன்லதானே பாத்தேன்."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். ஜெயச்சந்திரனுக்குத் தோசை இறங்கவில்லை. தன்னைப் பற்றி அவருக்கே அசிங்கமாக இருந்தது.

"கைக்கு? ஏன் சாப்பிடாம உக்காந்திருக்கீங்க?" என்றாள் கனகவல்லி.

"வல்லி, அந்த பீரோ சாவி என்கிட்டதான் இருக்கு."

"ஹவ், தெரியும். ஒவ்வொரு தடவயும் துவைக்கறப்ப எடுத்து வெச்சு, அயர்ன் பண்ணதும் திரும்பப் பையில போடறது யாருன்னு நெனச்சீங்க?"

ஜெயச்சந்திரன் வாயைப் பிளந்தார். "அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீங்க வீட்ல இருப்பீங்களே!" என்றாள் கனகவல்லி. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "ஆனா அந்தப் பொண்ணு அழுதது சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. கிளம்புங்க, நானும் வரேன்."

அரை மணியில் சைனிக்புரி. சபீனாவைப் போனில் வரவழைத்து, கனகவல்லி போனைப் பிடித்துக்கொள்ள, ஜெயச்சந்திரன் பீரோவைத் திறந்தார். இரண்டாம் தட்டில், வெள்ளைத் துண்டில் சுற்றி, அந்தச் சின்னக் கவுன் இருந்தது. கழுத்துப் பட்டையில் மட்டும் லேசாகப் பழுப்பேறியிருந்தது. அங்கே சபீனா இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டாள்.

"சாவி எங்க அங்கிள் கெடச்சுது?"

ஷூவுக்குள் என்று சொன்னால் போதும், பொய்யும் ஆகாது. ஜெயச்சந்திரன் அதைத்தான் சொல்ல நினைத்தார்.

"அப்பா ஷூக்குள்ளம்மா" என்றார். அதோடு நிறுத்த முடியவில்லை. "கெடச்சு ஒண்ணரை வருஷம் ஆகப்போகுது."

சபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கவுன மட்டும் அனுப்பிடுங்க" என்றாள். அங்கிள் என்ற வார்த்தை இல்லை. லைன் போய்விட்டது. திங்கட்கிழமை முதல் வேலையாகக் கவுனைக் கூரியரில் அனுப்பிவிட்டு அவளுக்குத் தகவல் போட்டார். பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கோர்ட் வராந்தாவில் எல்லாவற்றையும் கேட்ட ப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும் வக்கீல் புத்தி வேலை செய்தது. "நீங்க பேசாம இருங்க அங்கிள். வாரிசுங்க ஃபாரின்ல இருக்காங்கன்னாலே குடுத்துடுவாங்க. முடிக்கறத அப்புறம் முடிச்சுக்கலாம்."

அவள் சொன்னபடியே நடந்தது. நீதிபதி அம்மா மனுவைப் புரட்டினார். வாரிசுகள் இருவரும் வெளிநாடு, ஆட்சேபணை இல்லை. எதிரே இன்னும் நாற்பது கட்டுகள் காத்திருந்தன. "ஆறு மாதம்" என்று தெலுங்கில் முணுமுணுத்தபடி பேனாவை எடுத்தார். கணேஷ்குமாரை ஜெயிக்க ஒரு கையெழுத்துதான் பாக்கி.

"வேண்டாங்க மேடம்!"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. கத்தியது தான்தான் என்பது ஜெயச்சந்திரனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. ப்ரியா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன வேண்டாம்?" என்றார் நீதிபதி.

"எக்ஸ்டென்ஷன் வேண்டாம்." முப்பது வருட ஸ்டோர்ஸ் தெலுங்கில் தட்டுத் தடுமாறிச் சொன்னார். "பீரோ திறந்தாச்சு. சாவி என்கிட்டயேதான் இருந்தது. தப்பு என்னோடது. வேலை முடிஞ்சுபோச்சு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். சாவியைப் பற்றி நாலு வார்த்தை காரமாகவே சொன்னார். பதினைந்து நாளில் வீட்டை ஒப்படைத்துவிட்டுக் கணக்கை முடிக்கச் சொன்னார். "வேலை முடிந்தது என்று இந்த இடத்தில் இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை" என்றும் சொன்னார். பின்வரிசையில் சிரித்தார்கள்.

வெளியே வந்தபோது ஜெயச்சந்திரனுக்கு அழுகை வந்தது. இன்னும் பதினைந்தே நாள், அதற்குப் பிறகு காலை ஒன்பது மணிக்கு எங்கே போவது என்று நினைத்து வந்த அழுகை. கூட வந்திருந்த கனகவல்லி ஆட்டோ பிடிக்கப் போனாள். அப்போது போன் அடித்தது. சபீனா.

திட்டினாள். ரெண்டு நாளாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் தமிழில் ஆரம்பித்து, தமிழ் போதாமல் ஆங்கிலத்துக்குப் போய், சூடு ஏறியதும் சைனிக்புரித் தெலுங்கில் இறங்கி வாங்கு வாங்கென்று வாங்கினாள். எப்படி மனசு வந்தது, டாடி இருந்தால் உங்களோடு பேசியிருப்பாரா, நாங்கள் உங்களை யாரென்று நினைத்துக்கொண்டிருந்தோம் தெரியுமா அங்கிள்.

"ஆமாம்மா. தப்புதாம்மா" என்றார் ஜெயச்சந்திரன்.

ரிட்டயர் ஆன நாளிலிருந்து வெளியில் எல்லாரும் அவரிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். பேசிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தன் வீட்டு மனிதனை வைகிற மாதிரி ஒருவரும் வைததில்லை. தெருவோரம் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கனகவல்லி கையை ஆட்டினாள். கொஞ்சம் பொறு என்று ஜெயச்சந்திரன் சைகை காட்டினார். சபீனா இன்னும் முடிக்கவில்லை.