மூன்று வருட மூச்சிரைப்பு

போன வருடம் மழைக்காலம். நிமோனியா முற்றி, செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் என் அண்ணன் வென்டிலேட்டரில் கிடந்தான். சேர்த்த மறுநாள் மதியம் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிட்டது. பணம் கட்டுங்கள், இல்லையென்றால் மாலைக்குள் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள் கவுண்டரில். அந்த நிலையில் ஆம்புலன்ஸில் ஏற்றினால் தாங்குவானா?

என் வேலையே இதுதான். சான்பாடாவில் ஒரு மெடிக்கல் பில்லிங் ஆபீஸில், வெளிநாட்டு ஐசியூ பில்களை இன்சூரன்ஸ்காரர்கள் தள்ளுபடி செய்தால் மேல்முறையீடு எழுதுவது. எத்தனை பார்த்திருக்கிறோம் என்ற தைரியத்தில் காரணம் கேட்டேன். மூன்று வருடமாக மூச்சிரைப்பாம், பாலிசி எடுக்கும்போது அதை மறைத்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக் குறிப்பிலேயே இருக்கிறதாம். அண்ணனுக்கா? தாராவியில் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவன்! யாரிடம் கத்தலாம் என்று வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

அண்ணன் மனைவி அழ ஆரம்பித்தார். "சேக்கும்போது நான்தாம்ளா மூணு வருசமான்னு சொன்னேன். நேத்துலருந்துன்னு சொன்னா, போய் உக்காருன்னுதான சொல்லுவாவ? ரொம்ப வருசமான்னு சொன்னாத்தான் உடனே உள்ள விடுவாவ."

மதினியை எப்படித் திட்டுவது? எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று நின்று கற்றுக்கொண்டது.

ஐசியூ டாக்டரம்மாவிடம் மதினியை இழுத்துக்கொண்டு ஓடினேன். எழுதியதை அழிக்க முடியாது என்றார் அவர். மதினி தனக்குத் தெரிந்த இந்தியில், "மை ஜூட் போலா மேடம், டர் கயா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று பச்சையாக ஒப்புக்கொண்டுவிட்டார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அண்ணனைப் பல வருடமாகப் பார்க்கும் எங்கள் தெரு டாக்டருக்கு அவரே போன் செய்தார். பழைய மூச்சுக் கோளாறு எதுவும் கிடையாது என்று அவர் எழுதி அனுப்ப, டாக்டரம்மா தன் விளக்கத்தையும் சேர்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினார். அப்புறம் லிஃப்டுக்கும் கவுண்டருக்குமாக அலைந்ததுதான் மிச்சம். ஆம்புலன்ஸ் சொல்லிவிடலாமா என்று கவுண்டரில் கேட்டுக்கொண்டிருக்கும்போது இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்தது.

அண்ணன் பிழைத்து வீட்டுக்கு வந்தான். சில மாதம் கழித்து மதினிக்கு வயிற்றுவலி. அரசு ஆஸ்பத்திரியில் எத்தனை நாளாக என்று கேட்டார்கள். காலையிலிருந்துதான் என்று உள்ளதைச் சொன்னார். வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இனி என்னதாம்ளா சொல்ல?" என்றார். உண்மையைச் சொன்னவரைக் காக்க வைத்துவிட்டு, பொய் சொன்னவரை எந்த வாயால் குறை சொல்வது என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.