ராக்காயியின் கண் பாஸான கதை

எங்கள் சவுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தில் கண் மங்கியவர் ஒருவர்கூட இல்லை என்று கொழும்பில் ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்ப வைத்தவர்கள் நாங்கள்தான். இதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பும் வருகிறது, பற்றிக்கொண்டும் வருகிறது. இதில் மாட்டிக்கொண்டு முழித்தவள் ராக்காயி.

ராக்காயி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பராக்காரி. கொழுந்து பறிக்கிறவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வாய்க்கு மட்டும் பதினாறு. குமரியாக இருந்தபோதே தேயிலைச் செடியின் வாது குத்தி வலது கண் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் புரை விழுந்தது. அந்த நேரம் பார்த்து, கண் ஒப்பரேஷனும் செய்து, செய்தபின் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சியும் பண்ணுகிற ஒரு குழு தோட்டத்துக்கு வந்தது. புரை விழுந்தவர்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போய், கண்ணைச் சரி பண்ணிக் கொண்டுவந்து இறக்கினார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்லக் கூடாது.

கட்டு அவிழ்த்த அன்று ராக்காயி தன் புருஷன் அழகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாத்தே! எப்பய்யா இம்புட்டுக் கெழவனா ஆன?”

அந்த மனுஷன் அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை.

ஆராய்ச்சிக்குத் தலைவர் டொக்டர் குகநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயது, தங்கமான பிள்ளை. ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்தால் விடமாட்டார். கண் நோய் யார் யாருக்கு, எதனால் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். ராக்காயியையும் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, வெயிலுக்கை வேலை செய்யேக்கை கறுப்புக் கண்ணாடி போடுறனீங்களோ?”

“போடலாங்க. கொழுந்துக் கூடையும் கறுப்புக் கண்ணாடியுமா நின்னா கங்காணி மயங்கி விழுந்துருவாருங்க.”

‘இல்லை’ என்று குறித்துக்கொண்டார்.

“வீட்டுக்குள்ளை அடுப்புப் புகை வாறதோ?”

“புகைக்குள்ளதாங்க வீடே இருக்கு.”

அதையும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு அவ்வப்போது வந்து பார்வையைச் சோதிப்பார்கள். இடம் என்னுடைய பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளை நான் பார்த்துக்கொள்கிற மண்டபம். சுவரில் ஒரு அட்டை மாட்டுவார்கள். மலையில் மண் குத்துவோமே முள்ளு, அது போல மூன்று பல்லோடு அடையாளங்கள், மேலிருந்து கீழே வரவர சிறுத்துக்கொண்டே போகும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். சரியாகக் காட்டினால் தின்னப் பணிஸும் குடிக்கத் தேத்தண்ணியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். தப்பாகக் காட்டினால் உள்ளறைக்குக் கூட்டிப்போய் மெஷினில் கண்ணைப் பார்த்து, வேண்டியதைச் செய்வார்கள். அதாவது, பெயிலானவருக்குத்தான் வைத்தியம்.

இது எங்கள் சனத்துக்குப் புரிந்தால்தானே! ஒரு பெரிய மனுஷன் வந்து வரிசையில் நிற்கச் சொன்னால் எங்களுக்கு அது பெரட்டு. காலையில் வேலைக்கு முன்னால் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. அங்கே வந்து சேராதவளுக்கும் சேர்த்துப் பக்கத்தில் நிற்பவள் “இருக்கேங்க” என்று குரல் கொடுப்பாள். கொடுக்காதவள் மனுஷியே இல்லை. போதாததற்கு, கண் தெரியாதவர்களின் பேரை வேலையிலிருந்து வெட்டப்போகிறார்கள் என்று எந்தக் கட்டையில் போகிறவனோ கிளப்பிவிட்டான். அவ்வளவுதான், ஏற்பாடு நடந்துவிட்டது. மங்கலான கண்ணுக்காரிக்குப் பின்னால் நல்ல கண்ணுக்காரி நிற்பாள். பல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக முன்னால் நிற்பவளின் முதுகில் விரலால் ஒரு இழுப்பு இழுப்பாள். அட்டையின் பக்கத்தில் நிற்கும் டொக்டருக்கு முதுகு எங்கே தெரியப்போகிறது? தோட்டமே பாஸ். அவர் சந்தோஷத்தில் கொழும்புக்கு உடனே போன் பண்ணுவார்.

ராக்காயிக்குப் பின்னால் எப்போதும் நாகலெட்சுமி நின்றாள். இருவரும் ஒரே நிரையில் கொழுந்து எடுக்கிற கூட்டாளிகள். நாகலெட்சுமிக்கு ஒப்பரேஷன் பண்ணிய கண் அவ்வளவு சுத்தம், எதிர்மலையில் நிற்கும் ஆளின் சட்டை நிறத்தைச் சொல்லிவிடுவாள்.

இப்படி இருக்கையில் ராக்காயி பனியைத் திட்ட ஆரம்பித்தாள். “இந்த வருசம் என்னடி, விடாம மூடிக்கிட்டே கெடக்கு!” எங்கள் ஊரில் பனியைத் திட்டினால் யார் காது கொடுப்பார்கள்? எனக்கும் மண்டையில் உறைக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் வாசலில் வந்து நின்று, “பனி எறங்கிருச்சு, காயுற துணிய எடுங்கடி” என்றாள்.

அழகன் அவளையே பார்த்தான். “என்ன புள்ள சொல்ற? வெயிலு மண்டையப் பொளக்குதே!”

அவள் கையை வெளியே நீட்டி வெயிலைத் தொட்டுப் பார்த்தாள். கை சுட்டது. அப்படியே படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இருந்தது ஒரே கண் அல்லவா?

நான் டொக்டருக்குப் போன் பண்ணினேன். ஒப்பரேஷன் செய்த கண்ணில் சிலருக்குப் பிற்பாடு உள்ளே மெல்லிய படலம் படியுமாம். லேசர் அடித்தால் கொஞ்ச நேரத்தில் விலகிவிடுமாம், வெட்டுக் குத்து கிடையாதாம். எனக்கு உயிர் வந்தது.

“ஆனா மிஸ், உங்கட தோட்டத்திலை ஒருத்தருக்கும் அப்பிடி இல்லையே. அந்த அம்மா போன முறையும் முழுக்கச் சரியாக் காட்டினவ. கடைசிச் சோதனைக்கு வாறம்தானே, அதிலை பாப்பம்” என்றார். அட்டை சொல்வதைத்தான் நம்புவாராம். முதுகில் இழுத்த கதையைச் சொன்னால் எல்லார் பேரும் வெட்டுப்படுமே என்று நான் அதைச் சொல்லவில்லை.

ஆக, ராக்காயி பெயிலாக வேண்டும். இதுதான் கடைசிச் சோதனை, தவறினால் பிறகு வரமாட்டார்கள். சோதனைக்கு முதல் நாள் ராக்காயி நாகலெட்சுமியைக் கூப்பிட்டுக் கறாராகச் சொன்னாள்.

“நாளைக்கு எம் முதுகைத் தொட்டேன்னா கைய ஒடிச்சுருவேன். நான் பெயிலாகணும்.”

“பேர வெட்டிருவாங்கடி!”

“வெட்டட்டும். கண்ணு போனப்பறம் பேர வச்சு நாக்கு வழிக்கவா?”

நாகலெட்சுமி யோசித்தாள். “சரி, நீ பெயிலாகுறதுக்கு நானாச்சு” என்றாள்.

மறுநாள் ராக்காயி அட்டைக்கு முன்னால் நின்றாள். டொக்டர் முதல் அடையாளத்தைக் காட்டினார். முதுகில் நாகலெட்சுமியின் விரல் ஊர்ந்தது. சொன்ன சொல் கேட்காத சிறுக்கி என்று ராக்காயிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருக்கட்டும், அவள் இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காட்டுவோம், எல்லாம் தப்பாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டாள். இடது என்று இழுத்தால் வலதைக் காட்டினாள், மேலே இழுத்தால் கீழே காட்டினாள்.

நாகலெட்சுமியோ, கூட்டாளியை எப்படியாவது பெயிலாக்கியே தீருவது என்று, ஒவ்வொன்றையும் தலைகீழாகவே இழுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வரி வரைக்கும் ஒன்றுகூடத் தப்பவில்லை. டொக்டர் கைதட்டினார்.

“அம்மா, இந்த ஆராய்ச்சியிலையே உங்கட கண்தான் திறம்!”

யாரோ ராக்காயியின் கையில் பணிஸைத் திணித்தார்கள். அவள் திரும்பினாள். “அடிப்பாவி, என்னடி பண்ணித் தொலைச்ச?”

“நீ என்னடி பண்ண? நாந்தான் எல்லாத்தையும் தப்புத் தப்பா இழுத்தேனே!”

ராக்காயி பணிஸைக் கீழே போட்டுவிட்டு முன்னால் ஓடினாள். கைகூப்பினாள். “ஐயா, அம்புட்டும் பொய்யிங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. இந்த ஒத்தக் கண்ண விட்டா எனக்கு வேற இல்லீங்க. என்னைய உள்ளுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்கய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

நல்ல நாளில்கூட ஒரு பெரிய மனிதரிடம் இல்லை என்று சொல்லாதவள், அன்று அழுதுகொண்டே சொன்னாள். ஆனால் டொக்டரிடம் சொல்லவில்லை. அவர் வேலை மும்முரத்தில் முன்பே தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கறுப்புச் சட்டையோடு சற்றுத் தள்ளி நின்றிருந்தார். அவள் அந்தக் கோட்டைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பதில் வராததால் அவள் கோட்டின் காலைத் தொடக் குனிந்தாள். டொக்டர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, நான் இஞ்சை நிக்கிறன்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் அட்டையை உள்ளறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். முதுகுக்கு விரல் இல்லாமல் போகவே, பாஸான தோட்டம் அன்று சாயந்தரத்துக்குள் படுத்துவிட்டது. எங்கள் முடிவுகளை நம்ப முடியாது என்று ஆராய்ச்சியிலிருந்தே எடுத்துவிட்டார்களாம். கொழும்பையே ஏமாற்றிவிட்டோம் என்று நாகலெட்சுமிக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். ஒருவர் பேரும் வெட்டப்படவில்லை.

டொக்டரே ஏற்பாடு பண்ணி, ராக்காயியையும் இன்னும் சிலரையும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வேனில் அனுப்பினார். நானும் துணைக்குப் போனேன். லேசர் அடித்து, மறுநாள் கண்ணைப் பார்த்துவிட்டு அனுப்பிவைத்தார்கள். வெளியே வந்த ராக்காயி கடைப் பலகை, காக்காய், என் தலைநரை என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். திரும்பி வரும் வழியில், பள்ளத்தை ஒட்டிய ஒரு வளைவில், சட்டென்று அவள் பேச்சு நின்றது. என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

“ஐயோ, மறுபடியும் மூடிருச்சே!” பிறகு முன்னால் எட்டி டிரைவரைக் கேட்டாள். “தம்பி, உண்மையச் சொல்லுங்க. ஒங்களுக்கு ரோட்டு தெரியுதா?”

“ஒண்ணுமே தெரியலம்மா. பனி அப்பிடிக் கொட்டுது” என்றான் அவன்.

வேனில் இருந்த நாங்கள் எல்லாரும் வாய்க்கு வந்த சாமியைக் கூப்பிட்டோம். ராக்காயி மட்டும் “அப்பாடா!” என்று சாய்ந்து உட்கார்ந்தாள்.