ரோபோ வகுப்பில் என் மனைவி

அரியமங்கலத்தில் நான் வெல்டராக இருந்த பட்டறையின் கேட்டில் ஒரு திங்கட்கிழமை காலை பூட்டு தொங்கியது. முதலாளி வெளியே நின்றுகொண்டிருந்தார். "ஆர்டரெல்லாம் மெஷின் வெச்சிருக்கிற பெரிய கம்பெனிக்குப் போயிடுச்சு. இனிமே நடத்த முடியாதுப்பா" என்றார். சனிக்கிழமை பாதியில் விட்டுவந்த பைப் உள்ளே கிடந்தது. அதை யார் முடிப்பார்கள் என்று கேட்க நினைத்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. என் மனைவி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் சம்பளம் வருகிறதே, அதற்குள் வேறு இடம் பார்த்துவிடலாம் என்று எண்ணம். தினமும் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு ஸ்ரீரங்கத்திலிருந்து பாலத்தைத் தாண்டிப்போய் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். எங்கும் ஒரே கேள்விதான்: "ரோபோ வெல்டிங் தெரியுமா?"

அதைச் சொல்லிக்கொடுக்கும் இலவசப் பயிற்சி ஒன்று ஆரம்பிப்பதாகப் பழைய கூட்டாளி ஒருவர் சொன்னார். பெயர் கொடுத்துவிட்டு முதல் நாள் போனேன். வகுப்பு வாசலிலேயே கால் நின்றுவிட்டது. காலையில் எனக்குத் தோசை வார்த்துவிட்டு "கடைக்கு நேரமாச்சுங்க" என்று கிளம்பிய என் மனைவி, அதே பச்சைச் சேலையில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் திரும்பினாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"நீ எப்படி இங்க?"

"நீங்க பட்டறைக்குப் போகலையா?"

டீ குடிக்க விட்டபோதுதான் பேசினோம். "கடையை மூடிட்டாங்க. எல்லாரும் போன்லயே முடிச்சுக்கிறாங்களாம். டைப் தெரிஞ்சா போதும்னு சொன்னாங்க, இங்க சேர்ந்தேன். உங்களுக்கு வேலை இருக்கேன்னு தைரியமா இருந்தேன்" என்றாள்.

"நான் உன்னை நம்பித்தானே இருந்தேன்!"

இருவருமே வேலையில்லாமல் ஒரே வீட்டிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்பியிருக்கிறோம். அவளுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

அன்றிலிருந்து ஒரே வண்டியில் போனோம். மெஷினுக்குக் கட்டளை கொடுக்கும் திரையில் எனக்கு விரல் ஓடவில்லை. அவளுக்கு ஓடியது. எந்த இடத்தில் சூடு ஏறினால் தகடு வளையும் என்று அவள் கேட்பாள், நான் சொல்வேன்.

கடைசியில் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். அவள் பெயரை வாசித்தார்கள். என் பெயர் வரவில்லை. காதில் விழாமல் போயிற்றோ என்று எழுந்துபோய்க் கேட்டேன். இல்லை என்றார்கள்.

"நான் போகலைங்க" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? போ."

எனக்கு மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் ரிப்பேர் வேலை கிடைத்தது. ஆலை மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு வெல்டிங் வைக்க இன்னும் ஆள்தான் வேண்டியிருக்கிறது.

அவள் முதல் நாள் வேலை முடிந்து வந்ததும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குக் குழம்பு ஊற்றினாள். பிறகு பயந்த குரலில் சொன்னாள்: "நீங்க நாள் பூரா உட்கார்ந்து செய்யிற வேலைங்க அது. நான் தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அந்த மெஷின் முடிச்சு வெச்சிருக்கு."

பிசைந்த சோறு கையிலேயே இருக்க, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.