வெளியே கேட்ட குரல்

கணவர் இறந்த பிறகு, அவர் முன்பு அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ்தான் எனக்குத் துணை. காதை அடைக்காமல் மடலில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனை வாங்கியதும் அதற்காகத்தான். அவர் பக்கத்தில் இருந்து பேசுவதுபோலவே இருக்கும்.

அன்று அதைத் திரும்பத் திரும்பக் கேட்டபடி ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்ததும், பக்கத்து சீட்டு அக்கா என் தோளைத் தொட்டார்.

"சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு எம்புட்டு நேரமா கேக்காவ! பதில் சொல்லும்மா."

ஹெட்போனிலிருந்து சத்தம் வெளியே கசியும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அவிய இப்ப இல்லக்கா. இது பழைய குரல்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் கேக்கேன். சாப்பிட்டியா?"

"இல்லக்கா" என்றேன். அதுவரை போனில் விசாரித்த எல்லாரிடமும் சாப்பிட்டாச்சு என்றே சொல்லிவந்தவள் நான். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது எனக்குப் பொய் வரவில்லை.